ஊசித் திண்டாகப் பிறந்த யானை: ஒரு நிகழ்வு ஆய்வு

குழந்தைக்குப் பொம்மை தைக்க ஆசைப்பட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் எடுத்துக் காட்டுவது ஒரு யானையை. உள்ளங்கையில் அடங்கிவிடும். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு துண்டு, அடிவயிற்றுக்கு ஒரு துண்டு, இரண்டு காது, முதுகில் சின்ன விரிப்பு, திரித்த நூலில் ஒரு வால். அவ்வளவுதான். "இதானா? ஒரு மணி நேரத்தில் முடிச்சிடலாமே" என்பார்கள். மறுநாள் வரும்போது அவர்கள் கையில் இருக்கும் யானை நிற்காது, தும்பிக்கை பாதியில் மடங்கியிருக்கும், காதோரம் பிசிறு தொங்கும். அப்புறம்தான் அந்த யானையின் கதையைச் சொல்ல ஆரம்பிப்பேன்.

அது தெற்கு ஜெர்மனியில் பிரென்ஸ் ஆற்றங்கரையில் உள்ள கீங்கன் என்ற சிற்றூரின் கதை. தைத்தவர் மார்கரெட் ஸ்டைஃப். காதில் பட்டன் குத்திய கரடி பொம்மைகளுக்குப் பேர்போன ஸ்டைஃப் நிறுவனம் அவர் தொடங்கியதுதான். அவர் கதையை எங்கே எடுத்தாலும் "சக்கர நாற்காலியில் இருந்தபடி சாதித்த பெண்" என்று தன்னம்பிக்கைப் பாடமாகவே சொல்கிறார்கள். தவறில்லை. ஆனால் அப்படிச் சொல்லும்போது தையல் காணாமல் போய்விடுகிறது. அவர் எந்தத் துணியை எடுத்தார், ஏன் அது சரியாக வந்தது, எது சரியாக வரவில்லை, பிறகு எப்படி மாற்றினார்கள் என்பதுதான் எனக்கு வேண்டும்.

கையும் மிஷினும்

1847 ஜூலை 24 அன்று பிறந்த மார்கரெட்டுக்கு ஒன்றரை வயதில் கடும் காய்ச்சல் வந்தது. இளம்பிள்ளை வாதம். இரண்டு கால்களும் செயலிழந்தன, வலது கையைத் தூக்கவே சிரமம். ஒன்பது வயதில் அறுவை சிகிச்சை செய்தார்கள், வெந்நீர் ஊற்று ஊருக்கு அனுப்பிப் பார்த்தார்கள், பலனில்லை. பள்ளிக்கு வண்டியில் வைத்து இழுத்துப் போனார்கள். தையல் பள்ளியில் சேர்ந்தார். வலது கை ஒத்துழைக்காததால் ஆரம்பத்தில் தையல் அவருக்கு வரவில்லை. விடாமல் பழகி, அக்காக்களோடு சேர்ந்து துணி தைத்துக் கொடுக்கும் அளவுக்கு வந்தார்.

இங்கேதான் எனக்குப் பிடித்த இடம். தையல் மிஷினின் கைச்சக்கரம் வலது பக்கம் இருக்கும். மார்கரெட்டால் அதைச் சுற்ற முடியாது. மிஷினையே முன்பின்னாகத் திருப்பி வைத்தார். சக்கரம் இடது கைக்கு வந்துவிட்டது.

படிக்கும்போது "அட, கெட்டிக்காரத்தனம்" என்று கடந்துவிடுவோம். நான் வீட்டில் உள்ள பழைய கை மிஷினைத் திருப்பி வைத்துப் பார்த்தேன். நமக்குப் பழகியபடி, ஊசிக்கு அடியில் உள்ள பல்லு துணியை நம்மிடமிருந்து அந்தப் பக்கம் தள்ளும். திருப்பி வைத்தால் துணி நம்மை நோக்கி வருகிறது. துணியை அமுக்கிப் பிடிக்கும் பிரஷர் ஃபுட் கண்ணுக்கு மறைவில் போய்விடுகிறது, ஊசி எங்கே இறங்குகிறது என்று எட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. இடது பக்கம் தாராளமாகக் கிடக்க வேண்டிய துணி வலது பக்கம் போய்விடுகிறது. நேர்கோட்டில் ஒரு சாண் தைப்பதற்குள் எனக்கு மூன்று முறை கோணியது. அந்த நிலையில் வளைவு வளைவான சின்னத் துண்டுகளைத் தைத்துத் தொழில் நடத்தினார் என்றால், கையில் இருந்த துணியும் அதற்கு ஒத்துழைத்திருக்க வேண்டும் என்று அப்போதுதான் உறைத்தது.

துணி: ஃபெல்ட்

அந்தத் துணி ஃபெல்ட். கீங்கனில் அப்போதே ஃபெல்ட் ஆலை இருந்தது; அதை நடத்தியவர்கள் தாய்வழி உறவினர்கள். 1877-இல் மார்கரெட் ஃபெல்ட் ஆடைக்கடை ஒன்றைத் தொடங்கினார். உள்பாவாடை, குழந்தைகளுக்கான மேல்கோட்டு, வீட்டுக்கு வேண்டிய சாமான்கள். பொம்மை அப்போது மனதிலேயே இல்லை.

நம் ஊரில் ஃபெல்ட் என்றால் ஃபேன்சி ஸ்டோரில் கலர் கலராக விற்கும் மெல்லிய பாலியஸ்டர் தாள்தான் ஞாபகம் வரும். அது வேறு சரக்கு. அசல் ஃபெல்ட் ஆட்டு ரோமத்தில் வருவது. ரோம இழையைப் பெரிதாக்கிப் பார்த்தால் மேலெல்லாம் செதில் செதிலாக இருக்கும். சூடு, ஈரம், சோப்பு, அழுத்தம் நாலும் சேர்ந்தால் அந்தச் செதில்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, திரும்பப் பிரிக்க முடியாத தகடாகிவிடும். கம்பளி ஸ்வெட்டரை வெந்நீரில் போட்டுச் சுருக்கிக் கெடுத்தவர்களுக்கு இது புரியும். அங்கே விபத்தாக நடப்பதை இங்கே வேண்டுமென்றே செய்கிறார்கள். நெசவு இல்லை, பாவு ஊடு இல்லை. ஆகவே எந்தத் திசையில் வெட்டினாலும் நூல் பிரியாது.

பொம்மை தைக்கிறவருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதைத் தும்பிக்கை சொல்லிவிடும். பருத்தித் துணியில் யானை தைத்தால், ஓரத்தில் கால் அங்குலமாவது மார்ஜின் விட்டு, உள்பக்கமாகத் தைத்து, பிறகு வெளியே திருப்ப வேண்டும். உடம்பு திரும்பிவிடும். பென்சில் தடிமனில் வளைந்திருக்கும் தும்பிக்கை எப்படித் திரும்பும்? குச்சி விட்டுக் குத்துவோம். தையல் தெறிக்கும், அல்லது குச்சி துணியைத் துளைத்துக்கொண்டு வரும். வளைவில் கத்தரியால் சின்னச் சின்ன வெட்டு போடாவிட்டால் சுருக்கம் விழும்; போட்டால் அந்த வெட்டே பிசிறாகிப் பிரியும். ஃபெல்டில் இந்தத் தலைவலி எதுவும் இல்லை. விளிம்போடு விளிம்பு வைத்து வெளிப்பக்கமாகவே காஜா தையல் போட்டுவிடலாம். மார்ஜினும் வேண்டாம், திருப்பவும் வேண்டாம்.

இன்னொன்று, ஃபெல்ட் கொஞ்சம் விறைப்பு. நாலு கால் வைத்த பொம்மை நிற்க அந்த விறைப்பு தேவை.

யானை எங்கிருந்து வந்தது

1879 டிசம்பரில் ஒரு பெண்கள் நாகரிக இதழில் குட்டி யானையின் தையல் மாதிரி வெளிவந்தது. அதைப் பார்த்து மார்கரெட் ஃபெல்டில் யானை தைத்தார். உள்ளே கத்தரித்த ஆட்டு ரோமத்தை அடைத்தார். ஊசி குத்தி வைப்பதற்கான திண்டு அது, உறவுக்காரர்களுக்கும் தோழிகளுக்கும் பரிசாகக் கொடுக்க. பெண்கள் வாங்கி ஊசி குத்தி வைத்தார்கள். வீட்டுப் பிள்ளைகள் அதைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டார்கள்.

நிறுவனம் தன் பிறப்பாண்டாக 1880-ஐச் சொல்வது இந்த யானையை வைத்துத்தான். தம்பி ஃப்ரிட்ஸ் ஒரு மூட்டை யானையைப் பக்கத்து ஊரான ஹைடன்ஹைம் சந்தைக்கு எடுத்துப் போய் விற்றுவிட்டு வந்தார். முதல் வருடம் விரல்விட்டு எண்ணும்படி விற்ற யானை, 1886-க்குள் ஐயாயிரத்தைத் தாண்டியது. அப்புறம் குரங்கு, கழுதை, குதிரை, ஒட்டகம் எல்லாம் வந்தன. 1893-இல் 'ஃபெல்ட் பொம்மைத் தொழிற்சாலை' என்ற பெயரில் பதிவானது.

இதில் மார்கரெட்டின் சொந்தச் சரக்கு எது என்று யோசித்துப் பாருங்கள். மாதிரி இதழில் வந்தது. அது பொம்மை என்று கண்டுபிடித்தவர்கள் பிள்ளைகள். சந்தைக்குத் தூக்கிப் போனது தம்பி. அந்த இதழைப் புரட்டிய பெண்கள் எத்தனையோ பேர். அவர்களில் சிலராவது யானையைத் தைத்திருப்பார்கள். ஆனால் ஃபெல்டில் இரண்டு வருடம் ஆடை வெட்டிக் கை பழகி, அந்தத் துணி எங்கே வளையும், எங்கே நிற்கும் என்று தெரிந்து, வெட்டின மிச்சமும் பக்கத்திலேயே இருந்த நிலையில் அந்தப் பக்கத்தைத் திறந்தவர் இவர். மரமும் பீங்கானும் தகரமுமாக இருந்த அன்றைய விளையாட்டுச் சாமான் நடுவே, கட்டிக்கொண்டு தூங்கக்கூடிய ஒன்று பிள்ளைகள் கைக்குக் கிடைத்தது. ஊசித் திண்டுக்காகப் பொறுக்கிய அதே மென்மைதான் அது. ஊசி இறங்கும் அளவு மெத்தென்று இருந்தால் குழந்தையின் கன்னத்துக்கும் இதம்.

ஊசி குத்திய பொருளைப் பிள்ளைகள் எடுத்து ஓடியபோது வீட்டில் என்ன கூச்சல் கிளம்பியிருக்கும் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

உள்ளே என்ன போடுவது

அடைக்கும் பொருளைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. பொம்மையின் பாதி குணம் அதில்தான் இருக்கிறது. ஆட்டு ரோமம் அமுங்கினால் திரும்ப எழும். பின்னால் வந்த கரடிகளுக்கு ஸ்டைஃப் போட்டது மரச்சுருள்: இழைப்புளியில் வருவதைவிட மெல்லிசாக, நூல் நூலாகச் சீவிய மரம். வடிவம் கெட்டியாக நிற்கும், கைக்குக் கொஞ்சம் கடினமாகத் தட்டுப்படும். நம் இலவம்பஞ்சு இதற்கு நேர்மாறு. இதமோ இதம், ஆனால் ஆறு மாதத்தில் கட்டி கட்டியாக உட்கார்ந்துவிடும், துவைத்தால் போச்சு, தையலில் இம்மி இடம் கிடைத்தால் பறந்து வந்து மூக்கில் ஏறும். கைக்குழந்தைக்கு அது வேண்டாம் என்பேன். தலையணைக்குப் போடுகிற பாலியஸ்டர் பஞ்சு அழகில்லை, ஆனால் துவைக்கலாம், காயும்.

கேத்தே க்ரூஸ என்ற இன்னொரு ஜெர்மானியத் தாயை இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். 1905-இல் மகள் பொம்மை கேட்டாள். சிற்பியான அவள் தந்தைக்குக் கடை பொம்மைகள் பிடிக்கவில்லை, வாங்கித் தர மறுத்துவிட்டார். அந்தத் தாய் ஒரு துண்டை எடுத்து, நடுவில் மணலைக் கொட்டி, மூலைகளை முடிந்து கைகாலாக்கி, ஓர் உருளைக்கிழங்கைத் தலையாக வைத்துக் கட்டிக் கொடுத்தார். உருளைக்கிழங்கு எத்தனை நாள் தாங்கும்? ஆனால் மணல் சரியான யோசனை. கையில் எடுத்தால் குழந்தையைப் போலவே கனக்கும், தோளில் தலை சாயும். அந்தக் கிழங்குத் தலையிலிருந்து கிளம்பி 1910-இல் பெர்லின் கடை ஒன்றின் கண்காட்சியில் தன் பொம்மைகளை வைக்கும் அளவுக்கு அவர் வந்தார். மார்கரெட்டுக்குத் துணி கற்றுக் கொடுத்ததை இவருக்கு எடை கற்றுக் கொடுத்தது.

கரடியும் கயிறும்

உலகம் ஸ்டைஃப்பை நினைப்பது கரடியை வைத்து. நான் இதில் அதிகம் நிற்கப் போவதில்லை; ஒரு தோல்விக்காக மட்டும் சொல்கிறேன்.

மார்கரெட்டின் தம்பி ஃப்ரிட்ஸின் மகன் ரிச்சர்ட், ஷ்டுட்கார்ட்டில் கலைப் படிப்பு முடித்தவர். அந்த ஊர் விலங்குப் பூங்காவில் கரடிகளைப் பார்த்துப் பார்த்து வரைந்தவர். 1902-இல் கைகால் அசையும் கரடி ஒன்றை உருவாக்கினார். '55 பி.பி.' என்று பெயர்; 55 சென்டிமீட்டர், பட்டுப்போல் ரோமம் வைத்த பிளஷ் துணி, அசையக்கூடியது என்று அர்த்தம். துணி மொஹேர், அதாவது அங்கோரா ஆட்டின் ரோமம். பெரிய உருவம், விலை அதிகம், அத்தைக்குத் தயக்கம் இருந்தது என்கிறார்கள். 1903 லைப்சிக் பொம்மைச் சந்தையில், மூட்டை கட்டும் நேரத்தில் ஓர் அமெரிக்க வியாபாரி 3,000 கரடி கேட்டார். அதற்கு முந்தைய நவம்பரில்தான் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் வேட்டையில் கட்டிப்போட்ட கரடியைச் சுட மறுத்த சம்பவம் கேலிச்சித்திரமாக வந்து, புரூக்ளினில் மிட்டாய்க் கடை வைத்திருந்த ரோஸ் மிக்டம், மாரிஸ் மிக்டம் தம்பதி துணிக் கரடி தைத்து ரூஸ்வெல்ட்டின் செல்லப்பெயரால் 'டெடியின் கரடி' என்று ஜன்னலில் வைத்திருந்தார்கள். கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே சமயத்தில் கரடி. டெடி பேர் பிறந்தது யார் வீட்டில் என்ற சண்டை இன்னும் ஓயவில்லை, நமக்கு அது வேண்டாம்.

தோல்வி என்னவென்றால் மூட்டு. முதல் கரடியின் கைகால்களைக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். குழந்தை என்ன செய்யும்? கையைப் பிடித்துச் சுற்றும். கயிறு தேயும், தொய்யும், கை தொங்கும். 55 பி.பி. ஒன்றுகூட இன்று மிஞ்சியதாகத் தெரியவில்லை. அடுத்து உடம்புக்குள் உலோகக் கம்பி கொடுத்துப் பார்த்தார்கள். கை உறுதியாக நின்றது, ஆனால் கட்டிக்கொள்ளும் பொம்மைக்குள் கம்பி நன்றாகவா இருக்கும்? 1905-இல் அட்டை வட்டுக்கு வந்தார்கள். கைக்குள் ஒரு வட்டு, உடம்புக்குள் ஒரு வட்டு, நடுவே ஓர் உலோக முள். முள்ளின் இரண்டு நுனியையும் சுருட்டி இறுக்கிவிட்டால் கை சுழலும், கழன்று வராது. கையால் கரடி தைப்பவர்கள் இன்றும் இதே முறையில்தான் மூட்டு போடுகிறார்கள். மூன்று வருடத்தில் மூன்று மூட்டு. 'குழந்தைக்கு மிகச் சிறந்தது மட்டுமே போதும்' என்ற மார்கரெட்டின் வாசகத்தை நிறுவனம் எங்கும் எழுதி வைத்திருக்கிறது. எனக்கு அந்த வாசகத்தைவிட இந்த மூன்று மூட்டு பெரிதாகத் தெரிகிறது.

வீட்டுத் தையல்காரிகள்

1907-இல் மட்டும் 9,74,000 கரடிகள். அவ்வளவையும் யார் தைத்தது? தொழிற்சாலையில் 400 பேர், தங்கள் தங்கள் வீட்டில் உட்கார்ந்து தைத்துக் கொடுத்தவர்கள் 1,800 பேர். துண்டு வெட்டி வாங்கிப் போய், தைத்து, கொண்டுவந்து கொடுப்பது. திருப்பூர்ப் பக்கம் பீஸ் ரேட்டுக்குப் பிசிறு வெட்டிக் கொடுக்கும் பெண்களைத் தெரிந்தவர்களுக்கு இந்த ஏற்பாட்டை விளக்க வேண்டியதில்லை. காதில் குத்திய பட்டனில் ஒரு குடும்பத்தின் பெயர் இருக்கிறது. அந்த 1,800 பேரின் பெயர் எந்தக் கரடியின் காதிலும் இல்லை.

உள்ளே வேலை செய்தவர்களுக்கு 1903-இல் ஒரு கட்டடம் கட்டினார்கள். இரும்புச் சட்டம், சுற்றிலும் இரட்டைக் கண்ணாடி. ஊர்க்காரர்கள் அதைக் கன்னிப்பெண்களின் மீன்தொட்டி என்று கிண்டல் செய்தார்கள், உள்ளே இருந்தது பெரும்பாலும் இளம்பெண்கள் என்பதால். கட்டடக்கலைக்காரர்கள் அதைக் கொண்டாடுவது அந்தக் கண்ணாடிச் சுவருக்காக. ஊசியில் நூல் கோக்க வெளிச்சத்துக்கு ஜன்னலோரம் நகர்ந்தே வயதான எனக்கு, யாரோ ஒருவர் தையல்காரியின் கண்ணை நினைத்துச் சுவர் கட்டியிருக்கிறார் என்று தோன்றுகிறது.

மார்கரெட் 1909 மே 9 அன்று நிமோனியாவில் இறந்தார். வயது 61.

இன்று அதே யானையைத் தைத்தால்

அந்த யானையை அப்படியே தைத்து ஒரு வயதுப் பிள்ளை கையில் கொடுப்பேனா? மாட்டேன்.

முதல் காரணம், அந்த வயதில் எல்லாமே வாய்க்குப் போகும். ஃபெல்ட் ஊறினால் இழை இழையாக விடும். வெந்நீரில் அலச முடியாது, சுருங்கும். வாயில் வைக்கும் பொம்மை, கழுத்தில் கட்டும் பிப், துணிப் புத்தகம் இவற்றுக்கெல்லாம் சாயம் போகாத, நன்றாக அலசிய பருத்தித் துணிதான். பழைய காட்டன் சேலையை மிஞ்ச ஒன்றும் இல்லை. ஏற்கெனவே நூறு முறை துவைத்தது. ஃபெல்ட் மூன்று வயதுக்கு மேல்.

இரண்டாவது, கண். மணியோ பட்டனோ வேண்டாம். நூலால் முடிச்சுத் தையல் போட்டுவிடுங்கள். மூன்று வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் பொம்மையைச் சோதிக்க ஓர் உருளை வைத்திருக்கிறார்கள், குறுக்களவு 31.7 மில்லிமீட்டர். கழன்று வந்த துண்டு அதற்குள் முழுதாக அடங்கினால் பொம்மை தேறாது. பத்து ரூபாய் நாணயம் 27 மில்லிமீட்டர், அடங்கிவிடும். சட்டைப் பட்டனைச் சொல்லவே வேண்டாம். இந்தியாவில் 2021 தொடக்கத்திலிருந்து பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். கைவினைஞர்களாகப் பதிவு செய்தவர்களுக்கு விலக்கு உண்டு. விலக்கு இருக்கிறதே என்று குழந்தையின் தொண்டை பெரிதாகிவிடாது.

மூன்றாவது, தையலின் பலம். மென்பொம்மையின் தையலைச் சோதனைக்கூடத்தில் 70 நியூட்டன் விசையில் இழுத்துப் பார்ப்பார்கள். ஏறக்குறைய ஏழு கிலோ எடை. நம் வீட்டில் அதற்கு ஒரு வாளியும் தண்ணீரும் போதும். வாளியின் எடையைக் கழித்துவிட்டு மீதிக்குத் தண்ணீர் ஊற்றி, யானையின் உடம்பைக் கதவுக் கொக்கியில் கட்டி, காதில் வாளியைத் தொங்கவிட்டுப் பத்து எண்ணினேன்.

முதல் யானை மூன்றிலேயே விட்டது. தரை முழுக்கத் தண்ணீர். நூல் அறவில்லை. விளிம்புக்கு ரொம்ப ஒட்டித் தைத்திருந்ததால் ஃபெல்டே கிழிந்துவிட்டது, அதுவும் கடையில் வாங்கிய பாலியஸ்டர் தாள். இரண்டாவதில் காதை உடம்புத் தையலுக்குள்ளேயே செருகி, விளிம்பிலிருந்து மூன்று மில்லிமீட்டர் தள்ளி, இரண்டு இழை நூலில் இரண்டு சுற்று போட்டேன். பத்து எண்ணியும் நின்றது. ஆனால் அடிவயிற்றுத் துண்டைக் குறுகலாக வெட்டிவிட்டதால் கால் விரிந்து படுத்துக்கொண்டது. மூன்றாவதில் அந்தத் துண்டை நடுவில் அரை விரல் அகலமாக்கி, கால் நுனியில் பழைய அகலத்துக்கே குறைத்தேன். அது நிற்கிறது. தங்கை பேத்திக்குக் கொடுத்தாகிவிட்டது, அவளுக்கு நாலு வயது.

இரண்டாவது யானை என் மிஷின் பக்கத்தில்தான் படுத்திருக்கிறது. முதுகு முழுக்கக் குண்டூசி. பேத்தி வருகிறாள் என்றால் முதல் வேலையாக அதை எடுத்து அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிடுகிறேன்.